பறப்பவரும் பார்ப்பவரும்: மேடை வித்தைக்கு அவை தரும் பதில்

மேடையில் ஒரு பாத்திரம் தரையை விட்டு எழும்பிப் பறக்கிறது, அவை கைதட்டுகிறது. அந்தக் கைதட்டல் யாருக்கு? கதைப்படி அந்த நேரத்தில் பறந்தே தீரவேண்டிய பாத்திரத்துக்கா, இடுப்பு வாரில் தொங்கியபடி பாடும் நடிகருக்கா, மறைவில் நின்று கயிற்றை இயக்குபவருக்கா, இல்லை, இவ்வளவு பணத்தைக் கொட்டிய தயாரிப்பாளருக்கா? நாடகத்தைப் பற்றி எழுதத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவில் எழுந்து வந்திருக்கிறது. கிரேக்கர்கள் ஒரு விடை சொன்னார்கள். நாட்டிய சாத்திரம் வேறொரு விடை சொன்னது. பிராட்வே இன்னொன்றைச் சொல்கிறது. தமிழ்க் கூத்துக்களம் இவை எதிலும் அடங்காத விடை ஒன்றைக் கையில் வைத்திருக்கிறது. இவ்விடைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எதுவரை தாங்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வோபர்னும் கிங் வீதியும்

கேள்வி பழையதானாலும் ரொறன்ரோத் தமிழர்க்கு அது நடைமுறைக் கேள்வி. ஸ்காபரோவின் வோபர்ன் பகுதி தமிழ்க் குடும்பங்கள் நிறைந்தது. அங்கே மார்க்கம் வீதியில் 102ஆம் இலக்கப் பேருந்தில் ஏறி, வோர்டன் நிலையத்தில் இறங்கிச் சுரங்க ரயில் பிடித்தால் நகர மையத்தின் பெரிய அரங்குகளுக்குப் போய்விடலாம். கிங் வீதியில் ஏறத்தாழ 2,000 இருக்கைகள் கொண்ட பிரின்சஸ் ஒஃப் வேல்ஸ் அரங்கு. யங் வீதியில் எட் மெர்விஷ் அரங்கு. அங்கே நடிகரைத் தூக்குவது கணினி இயக்கும் வின்ச்.

அதே வாரம் ஸ்காபரோவில் ஒரு பள்ளி மண்டபத்தில் பரதநாட்டிய அரங்கேற்றம் நடக்கலாம். அங்கே விஷ்ணு கருடன்மேல் வருவதைக் காட்ட, நடனமாடும் பெண் இரு கட்டைவிரல்களையும் கோத்து, மற்ற விரல்களைச் சிறகாக விரிக்கிறாள். கயிறும் இல்லை, கப்பியும் இல்லை. ஆனாலும் கருடன் வந்துவிட்டது என்பதில் சபையில் யாருக்கும் ஐயமில்லை. ஆக, ஒரே வீட்டார் ஒரே வாரத்தில் இரண்டு வகைப் பறத்தலுக்கும் கைதட்ட வாய்ப்புண்டு. இரண்டும் ஒரே கைதட்டலா என்பதே விடை காணவேண்டிய விஷயம்.

முதல் விடை: காட்சிக்குக் கடைசி இடம்

கிரேக்க நாடகங்களில் தெய்வங்கள் ஒரு பளுதூக்கிப் பொறியில் தொங்கியபடி வந்து இறங்கின. கி.மு. 431இல் மேடையேறிய யூரிப்பிடீசின் 'மெடியா'வில், பெற்ற பிள்ளைகளைக் கொன்ற தாய் சூரியதேவன் தந்த தேரில் ஏறித் தப்பிச் செல்கிறாள். அரிஸ்டாட்டில் இந்த முடிவைக் குறை கூறினார். கதையின் முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழவேண்டும், பொறி வந்து அவிழ்க்கக் கூடாது என்பது அவர் வாதம். நாடகத்தின் ஆறு உறுப்புகளில் கவிதைக் கலையோடு மிகக் குறைந்த உறவுடையது காட்சிதான் என்றும் அவர் கருதினார். ரோமானியக் கவிஞர் ஹோரஸ், தெய்வம் வந்தால்தான் தீரும் என்ற சிக்கல் இருந்தாலொழியத் தெய்வத்தை இறக்கவேண்டாம் என்று அதே கருத்தை விதியாக்கினார். பெரும் செலவில் எடுத்த மியூசிக்கல் ஒன்று சரிந்தால் இன்றைய விமர்சகர் எழுதுவதும் பெரும்பாலும் இதன் மறுபதிப்பே.

இவ்விடையின் பலவீனம் அதற்குள்ளேயே இருக்கிறது. காட்சிக்கு மனத்தை இழுக்கும் ஆற்றல் உண்டு என்பதை அரிஸ்டாட்டிலே ஒப்புக்கொள்கிறார். கி.மு. 421இல் அரிஸ்டோபேனிஸ் எழுதிய 'அமைதி' நாடகத்தில் நாயகன் ஒரு சாணி வண்டின்மேல் ஏறி வானுலகம் போகிறான். நடுவழியில் பயந்துபோய், பொறியை இயக்குபவரைக் கூப்பிட்டு, என்னைக் கொஞ்சம் கவனித்து இயக்கப்பா என்ற பொருளில் கெஞ்சுகிறான். அந்த நகைச்சுவை எடுபட வேண்டுமானால் பொறி எப்படி வேலை செய்கிறது என்பது அவைக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். தெரிந்திருந்தும் ரசித்தார்கள். கவிஞர் என்ன செய்யவேண்டும் என்பதற்கு அரிஸ்டாட்டிலின் விடை பயன்படும். அவையோர் ஏன் அண்ணாந்து பார்க்கிறார்கள் என்பதற்கு அது போதாது.

இரண்டாம் விடை: கயிறு தெரியக்கூடாது

மறைப்பில்தான் மாயம் இருக்கிறது என்பது அரங்கப் பொறியாளர்களின் விடை. 1638இல் இத்தாலியர் நிக்கோலா சபத்தீனி மேடைப் பொறிகள் பற்றி எழுதிய கையேட்டில், மனிதரைச் சுமந்து இறங்கும் மேகங்களை அமைக்கும் வழிகள் விளக்கப்பட்டுள்ளன. 1904 டிசம்பர் 27 அன்று லண்டனில் ஜே. எம். பாரியின் 'பீட்டர் பான்' மேடையேறியபோது, ஜார்ஜ் கிர்பியின் குழு அமைத்த வாரும் கம்பியும் பிள்ளைகளை அறைக்குள் பறக்கவிட்டன. அதன் விளைவைப் பாரியே பின்னர் எழுதியிருக்கிறார்: வீடு திரும்பிய குழந்தைகள் கட்டிலிலிருந்து பறக்கப் பார்த்துக் காயப்பட்டதால், பெற்றோர் கேட்டுக்கொண்டபடி, தேவதைத் தூள் பட்டால்தான் பறக்கமுடியும் என்ற விதியை நாடகத்தில் சேர்த்தாராம். மாயை முழுமையாக வேலை செய்ததற்கு இதைவிட நேரடியான சான்று அரிது.

தென்னிந்தியாவில் இந்த விடையைக் கொண்டுவந்தது பார்சி நாடகக் குழுக்களின் தாக்கம். 1885இல் ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில் தோன்றிய சுரபி குழு, தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்ப வட்டத்தினர் நடத்துவது. அவர்களின் 'மாயாபஜார்' நாடகத்தில் கடோத்கஜன் முன் வைத்த லட்டுகள் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து எழும்பி அவன் வாய்க்குள் போகும். மெல்லிய நூலும், மறைவில் நின்று சரியான நொடியில் இழுக்கும் கையும்தான் முழு இரகசியம். தமிழில் சி. கன்னையாவின் கம்பெனி காட்சி ஜோடனைக்குப் பேர் போனது. நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபா பக்தி நாடகங்களைப் பிரமாண்டமாக்கியது. ஆர். எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் 'இலங்கேஸ்வரன்' முதலிய புராண நாடகங்களில் தந்திரக் காட்சிகளை விளம்பரத்துக்குரிய பண்டமாகவே ஆக்கியது. 'ட்ரிக் சீன் எப்ப வரும்?' என்று காத்திருந்த கூட்டம் அந்த நாடகங்களுக்கு உண்டு.

அப்படிக் காத்திருந்த கூட்டம் மாயையை நம்பியதா? இங்கேதான் இவ்விடை தடுமாறுகிறது. பார்வையாளர் எப்போதும் தெளிவோடுதான் இருக்கிறார், மேடை மேடையே என்பது அவருக்குத் தெரியும் என்று 1765இல் சாமுவேல் ஜான்சன் வாதிட்டார். அவநம்பிக்கையைப் பார்வையாளர் தாமே விரும்பி ஒதுக்கி வைக்கிறார் என்று 1817இல் கோல்ரிட்ஜ் ஒரு நடுவழி கண்டார். தந்திரக் காட்சிக்காகக் காத்திருப்பவர், அது தந்திரம் என்று அறிந்தே காத்திருக்கிறார். மேலும், மறைப்பில் சினிமாவை மேடை வெல்ல முடியாது. 1957இல் வந்த 'மாயா பஜார்' படத்தைக் கண்டு வளர்ந்த கண்ணுக்கு மேடைக் கம்பி எளிதில் பட்டுவிடும். பட்ட பிறகும் மக்கள் ரசிக்கிறார்கள் என்பதை இந்த விடையால் விளக்க முடியவில்லை.

மூன்றாம் விடை: கயிறே தேவையில்லை

நாட்டிய சாத்திரம் உலக வழக்கு, நாடக வழக்கு என்று இரண்டைப் பிரிக்கிறது. வானூர்தியில் ஏறுவதையும் விண்ணிலிருந்து இறங்குவதையும் நடையாலும் உடல் நிலையாலும் பார்வையாலும் காட்டும் முறை அதில் சொல்லப்படுகிறது. காளிதாசரின் 'சாகுந்தல'த்தில் ஏழாம் அங்கம் இந்திரன் தேரில் துஷ்யந்தன் வானிலிருந்து இறங்குவதோடு தொடங்குகிறது. கீழே நிலம் நெருங்கி வரும் காட்சியை அவன் பேச்சே நமக்குக் காட்டுகிறது. உடலும் சொல்லும் போதும், மீதியை அவை நிரப்பிக்கொள்ளும் என்பது இதன் அடிப்படை.

யாழ்ப்பாணத்து இசை நாடக மேடையில் இதற்கு வலுவான துணைச் சான்று உண்டு. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' தந்திரக் காட்சியை நம்பி நின்ற நாடகம் அல்ல. அரிச்சந்திரன் பாட்டுக்கே சனம் அழுதது. இன்றைய பெரிய மேடையிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. ரொறன்ரோவில் 2000 முதல் 2004 தொடக்கம் வரை ஓடிய 'லயன் கிங்' மியூசிக்கலில் நெறியாளர் ஜூலி டேமோர் பறவைகளை ஆட்டுபவர்களை மறைக்கவில்லை. கம்பும் தெரியும், ஆளும் தெரியும், பறவையும் தெரியும்.

இவ்விடையின் குறை, அது பழகிய அவையை வேண்டுகிறது என்பது. கருட முத்திரை அறியாதவருக்கு அது வெறும் கையசைவு. கனடாவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுள் நடன வகுப்புக்குப் போனவருக்கும் போகாதவருக்கும் இடையே இந்த வேறுபாடு இருக்கக்கூடும். கண்ணெதிரே ஒரு மனித உடல் உண்மையிலேயே தரையை விட்டு எழும்போது வயிற்றில் ஏற்படும் அந்தக் குறுகுறுப்புக்கும் மரபுக் குறிப்பு பற்றிய கோட்பாட்டில் இடமில்லை.

நான்காம் விடை: ஆபத்தே ஈர்ப்பு

அந்தக் குறுகுறுப்பிலிருந்து தொடங்குவது நான்காவது விடை. 1923இல் சோவியத் நெறியாளர் ஐசன்ஸ்டைன், பார்வையாளரைத் தாக்கி உலுக்கும் 'கவர்ச்சி'களின் தொகுப்பாக நாடகத்தை எண்ணிப் பார்த்தார். சர்க்கஸ் அவருக்கு முன்மாதிரி. நடிகர் விழக்கூடும் என்ற எண்ணம்தான் கைதட்டலின் வேர் என்று இதைச் சுருக்கலாம்.

இதற்கு அண்மைக் காலத்தில் மிகுதியாக எடுத்துக்காட்டப்படுவது பிராட்வேயின் 'ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் த டார்க்'. ஏறத்தாழ 7.5 கோடி அமெரிக்க டாலர் செலவு. நெறியாளர் அதே ஜூலி டேமோர். பாடல்கள் யூ2 குழுவின் போனோவும் எட்ஜும். நடிகர்கள் அவையோரின் தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பறந்து பால்கனியில் இறங்கினார்கள். 2010 நவம்பர் 28 அன்று நடந்த முதல் முன்னோட்டக் காட்சி பொறிக் கோளாறால் பலமுறை நின்றது. டிசம்பரில் ஒரு நடிகர் உயரத்திலிருந்து விழுந்து பலத்த காயமடைந்தார். 2011 மார்ச்சில் டேமோர் விலக நேர்ந்தது. முறையான தொடக்க விழா ஜூன் 14 அன்றுதான் நடந்தது. விமர்சகர்கள் அதற்கு முன்பே கடுமையாக எழுதிவிட்டார்கள். ஆனால் கூட்டம் குறையவில்லை. 2011 முடிந்து 2012 பிறந்த வாரத்தில் வசூல் 29 லட்சம் டாலரைத் தாண்டி அன்றைய பிராட்வே சாதனையானது.

விபத்துச் செய்தி கூட்டத்தை இழுத்தது என்று சொல்வது எளிது. ஆனால் ஸ்பைடர்மேன் என்ற பெயர், யூ2வின் புகழ், விடுமுறைக் காலம் எல்லாம் சேர்ந்தே அந்த வசூல். எதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. 2014 ஜனவரியில் பெரும் நட்டத்தோடு அந்த நாடகம் முடிந்ததையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். அறம் சார்ந்த மறுப்பும் உண்டு. விபத்து நேர்ந்த நொடியில் அவை கைதட்டுவதில்லை, உறைந்துபோகிறது. ஆபத்து இருப்பதாகத் தோன்றவேண்டும், உண்மையில் இருக்கக் கூடாது என்பதே பார்வையாளரின் எழுதாத ஒப்பந்தம் போலும்.

ஐந்தாம் விடை: சடங்கில் பங்கு

மேற்கத்திய நூல்களில் பெரிதும் இடம்பெறாத ஒரு விடை தமிழரிடம் உண்டு. வடதமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது நடக்கும் 'அர்ச்சுனன் தபசு' கூத்தில், உயரமான தபசு மரம் ஒன்றை நட்டு, அதில் படிகள் அமைக்கிறார்கள். அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுகிறார். மரம் கயிலைக்கு ஏறும் வழி. உச்சியில் அமர்ந்து பூசை செய்தபின் எலுமிச்சம்பழம், பூ, விபூதி ஆகியவற்றைக் கீழே வீசுகிறார். மரத்தடியில் குழந்தை வரம் வேண்டும் பெண்கள் காத்திருக்கிறார்கள். மடியில் விழுவது அவர்களுக்குப் பிரசாதம். ஏறுபவர் ஊரறிந்த கூத்துக்காரர், மரமும் எல்லார் கண்முன் நட்டதே. அவையின் பதில் கைதட்டலாக வராமல் முந்தானையை ஏந்துவதாக வருகிறது.

நல்லூர்த் திருவிழாக் காலத்துத் தூக்குக் காவடியும், கன்னியாகுமரி மாவட்டம் கொல்லங்கோட்டில் குழந்தைகளை ஏந்தி உயரே தூக்கப்படும் தூக்க நேர்ச்சையும் இவ்வகையைச் சேர்ந்தவை. இலக்கியத்திலும் இந்தப் பார்வை உண்டு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோவலனோடு விண்ணேறுவதைக் கண்டவர்கள் மலைக் குறவர்கள். கண்டதும் வியந்து நிற்பதோடு விடாமல், அவளைத் தெய்வமாக ஏற்றுக் குரவை ஆடுகிறார்கள்.

டிக்கெட் வாங்கி நாடகம் பார்ப்பவரைப் பக்தரோடு ஒப்பிடலாமா என்பது இவ்விடைக்கு எதிரான நியாயமான கேள்வி. ஆனால் 'பீட்டர் பானி'ல் அவை நேரடியாகப் பங்கேற்கும் இடம் பறக்கும் காட்சி அல்ல. சாகக் கிடக்கும் தேவதையைப் பிழைக்க வைக்கக் கைதட்டுங்கள் என்று பீட்டர் கேட்கும் இடம் அது. முதல் நாளில் யாரும் தட்டாவிட்டால் வாத்தியக்காரர்களாவது தட்டட்டும் என்று பாரி ஏற்பாடு செய்திருந்தார் என்பார்கள். பங்கு கேட்டால் டிக்கெட் வாங்கியவரும் கொடுப்பார் என்பதற்கு இது ஓர் அறிகுறி.

ரொறன்ரோ கண்ட மூன்று மேடைகள்

பிரின்சஸ் ஒஃப் வேல்ஸ் அரங்கு 1993இல் 'மிஸ் சைகோன்' நாடகத்தோடு திறக்கப்பட்டது. 1975இல் சைகோன் வீழ்ந்தபோது அமெரிக்கத் தூதரகக் கூரையிலிருந்து புறப்பட்ட ஹெலிகொப்டர் மேடையில் வந்திறங்குவதே அதன் பேசப்பட்ட காட்சி. பெரும்பாலான அவையோருக்கு அது பொறியியல் வித்தை. ஆனால் ஸ்காபரோவில் அன்று குடியேறிக்கொண்டிருந்த ஈழத்தமிழர் பலருக்கு ஹெலிகொப்டர் ஓசை என்றால் பதுங்கு குழி. அதே காட்சி அவர்களிடம் வியப்பை எழுப்பியிருக்குமா, அச்சத்தையா? பொறியை மட்டும் ஆராய்ந்து இதற்கு விடை சொல்ல முடியாது.

2005இல் 'விக்கட்' நாடகத்தின் முதல் வட அமெரிக்கச் சுற்றுப்பயணம் ரொறன்ரோவில், இன்று எட் மெர்விஷ் என வழங்கும் அரங்கில் தொடங்கியது. முதல் பாதியின் முடிவில் நாயகி எல்ஃபபா மேலெழும் காட்சியில் கம்பி இல்லை. அவளைத் தூக்குவது கீழிருந்து உயரும் ஒரு தூக்கி. நீண்ட கறுப்பு உடை அதை மறைக்கிறது, விளக்கும் புகையும் மீதியைச் செய்கின்றன. அவள் அங்கிருந்து எங்கும் பறந்து போவதுமில்லை. தொழில்நுட்ப அளவில் ஸ்பைடர்மேனோடு ஒப்பிடவே முடியாத எளிய ஏற்பாடு. ஆனாலும் உலகெங்கும் அந்த நாடகத்தின் மிகப் பெரிய கைதட்டல் அந்த இடத்தில்தான். கதை திரும்பும் புள்ளி, பாட்டின் உச்சம், உடல் எழுதல் ஆகிய மூன்றும் ஒரே நொடியில் கூடுகின்றன.

மூன்றாவது, தமிழர்க்கு நெருக்கமானது. 2006 மார்ச் 23 அன்று அதே பிரின்சஸ் ஒஃப் வேல்ஸ் அரங்கில் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' மியூசிக்கல் உலகிலேயே முதன்முறையாக மேடையேறியது. இசை ஏ. ஆர். ரகுமான், பின்லாந்தின் வார்த்தினா குழு, கிறிஸ்டோபர் நைட்டிங்கேல். நெறியாள்கை மத்தியூ வார்கஸ். செலவு ஏறத்தாழ 2.8 கோடி கனடிய டாலர். சுழலும் மேடைக்குள் 17 தூக்கிகள். எல்ஃப்கள் கயிற்றில் உயரத்திலிருந்து இறங்கினார்கள். பேல்ரொக் என்ற அரக்கன் வரும் காட்சியில் மேடையிலிருந்து காற்று அவைக்குள் வீசி, கருந்துகள்கள் பார்வையாளர்மேல் பறந்தன. காட்சியமைப்பைப் பாராட்டியவர்களே, மூன்றரை மணி நேரக் கதை மனத்தில் ஒட்டவில்லை என்றார்கள். நகரின் டோரா விருதுகள் பல கிடைத்தும் செப்டம்பர் 3 அன்று அது முடிவுக்கு வந்தது.

'விக்கட்'டையும் 'லோர்ட் ஒஃப் த ரிங்'ஸையும் அருகருகே வைத்தால் அரிஸ்டாட்டில் ஓரளவு மீண்டும் எழுந்து நிற்கிறார். ஒரு திருத்தத்தோடு: காட்சி கடைசி இடத்தில் இல்லை, கதையோடு கூடும்போது முதலிடத்துக்கே வந்துவிடுகிறது.

சான்றின் எல்லை

இந்த விவாதம் முழுவதிலும் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. அவையின் பதிலை நாம் அறிவது விமர்சகர் எழுத்து, வசூல் கணக்கு, நடிகர் நினைவுக் குறிப்பு ஆகியவற்றின் வழியாகவே. மூன்றும் சாய்வுள்ளவை. அவையோரையே ஆய்வின் மையத்தில் வைத்த கனடிய ஆய்வாளர் சூசன் பெனட்டின் நூல் 1990இல்தான் வந்தது.

நாட்டிய சாத்திரம் இதில் வியப்பூட்டும் வகையில் முன்னே நிற்கிறது. நாடகத்தின் வெற்றியை அது அவையின் பதிலை வைத்தே அளக்கிறது. புன்னகை, வெடிச்சிரிப்பு, பாராட்டுக் குரல், இரக்கக் குரல், மயிர்க்கூச்சு, இருக்கையை விட்டெழுதல், ஆடையையும் மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தல் ஆகியன மனித வெற்றி. நிறைந்த அவை ஓசையும் சலனமுமின்றி அமர்ந்திருப்பது அதற்கும் மேலான தெய்வ வெற்றி. கைதட்டலை மட்டும் எண்ணும் நம் வழக்கத்துக்கு இது நல்ல மாற்று. பறக்கும் காட்சி 'ஆ' என்ற ஒலியைப் பெறலாம்; அடுத்த கணம் வரும் மௌனத்தைப் பெற்றதா என்பது வேறு கேள்வி.

மதிப்பீடு

ஐந்து விடைகளில் எதுவும் தனியாக நிற்கவில்லை. கதைத் தேவை பற்றிய விடை, நாடகம் முடிந்த பின் எது நினைவில் தங்குகிறது என்பதை ஓரளவு விளக்குகிறது. ஆபத்து பற்றிய விடை அந்த நொடியின் மூச்சடைப்பை விளக்குகிறது. மாயை பற்றியது குழந்தைகளிடம் வலுவாகவும் வளர்ந்தவரிடம் பலவீனமாகவும் தெரிகிறது. மரபுக் குறிப்பும் சடங்கும், கயிறு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அவை தன் பங்கைச் செலுத்தத் தயாராக இருக்கிறது என்பதை நினைவூட்டுகின்றன. உயரமோ செலவோ அவையின் பதிலைத் தீர்மானிக்கவில்லை என்று சொல்லுமளவுக்குச் சான்று இருக்கிறது. அதற்கு மேல் உறுதியாகச் சொல்வது அவசரம்.

திறந்தே கிடக்கும் கேள்விகள் இரண்டு. சினிமாவில் எல்லாம் பறக்கக் கண்ட தலைமுறைக்கு மேடையில் ஓர் உடல் எழும்புவது இன்னும் அதே குறுகுறுப்பைத் தருகிறதா? போர் கண்டு புலம்பெயர்ந்தவரின் அவை, அதே காட்சியை வேறு விதமாக வாங்குகிறதா? இரண்டாவது கேள்வியை நகரின் பெரிய அரங்குகள் கேட்கப் போவதில்லை. ஆனால் ஸ்காபரோத் தமிழ்ப் பள்ளி மண்டபங்களில் நாடகமும் நடனமும் நடத்துபவர்கள் கேட்கலாம். மேடையை ஒளிப்பதிவு செய்ய ஒரு கமெராவை வைக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. இன்னொன்றை அவையோரை நோக்கித் திருப்பி, அவர்கள் சம்மதத்தோடு, நாடகம் முடிந்ததும் நாலு கேள்வி கேட்டுப் பதிந்து வையுங்கள். அந்தப் பதிவுகள் இல்லாதவரை இந்த விவாதம் ஊகத்தில்தான் நடக்கும்.